மருந்து போடாத கோழி

கோபிகா வேலிப் படலையைத் தட்டவில்லை. ஸ்கூட்டியை ஒழுங்கையில் விட்டுவிட்டு நேரே முற்றத்துக்கு வந்து, கையிலிருந்த உரப்பையை ஜெயனியின் காலடியில் கவிழ்த்துக் கொட்டினாள். செத்த கோழிகள். விற்கிற பருவத்துக்கு இன்னும் ஒரு கிழமையே இருந்த, நல்ல சதைப்பிடிப்பான வெள்ளைக் கோழிகள். பின்பக்கத்து இறகுகள் கழிச்சலில் ஒட்டிப்போய் இருந்தன.

"நீங்கள் சொன்னதைத்தான் செய்தனான் அக்கா," என்றாள். "ஒண்டும் கூட்டேல்லை, ஒண்டும் குறைக்கேல்லை. இப்ப வந்து என்ரை கொட்டிலைப் பாருங்கோ."

சண்டிலிப்பாயிலிருந்து அரியாலைக்கு அந்தக் கோபத்தை இறக்கி வைக்காமலே வந்திருந்தாள். ஜெயனிக்கு முதலில் இரக்கம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. மருந்துக்குப் பதிலாக இதே வாசனை எண்ணெயைத் தீனில் கலந்து, மூன்று முறை குஞ்சு இறக்கி, மூன்று முறையும் குறையில்லாமல் வளர்த்து விற்றவள் அவள். இவள் எங்கேயோ பிழை விட்டிருக்கிறாள், அந்தப் பிழையை என் முற்றத்தில் கொண்டுவந்து கொட்டுகிறாள் என்றுதான் நினைத்தாள்.

ஜெயனி குருநகரில் பிறந்தவள். அண்ணன் பிலிப்பும் அவளைக் கட்டிய றெஜியும் ஒரே படகில் தொழிலுக்குப் போனவர்கள். றெஜி படகை விற்றுக் கரைக்கு வந்த பிறகு, வேறு ஆட்களோடு கடலுக்குப் போன ஒருநாள் வலையிலிருந்து மீன் கழற்றும்போது திருக்கை முள் பிலிப்பின் கணுக்காலில் ஏறியது. கடற்கரையில் எவருக்கும் வருகிற காயம்தான். மூன்றாம் நாள் கால் வீங்கிக் கறுத்தது. ஆஸ்பத்திரியில் ஒரு மருந்து ஏற்றினார்கள், கேட்கவில்லை. மாற்றி ஏற்றினார்கள், அதுவும் கேட்கவில்லை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வாட்டில் நின்ற இளம் டொக்டர் ஜெயனிக்கு விளங்கப்படுத்தினார். இந்தக் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிட்டன. ஆட்கள் தேவையில்லாமல் அன்ரிபயோற்றிக் விழுங்குவது ஒரு காரணம், நோயில்லாத கோழிக்கும் மாட்டுக்கும் அதைக் கொடுத்துக்கொண்டே இருப்பது இன்னொரு காரணம். அவர் பொதுவாகத்தான் சொன்னார். ஜெயனிக்கோ அது தன் முகத்தைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. அரியாலையில் அவள் ஏற்கெனவே இறைச்சிக் கோழிக் கொட்டில் போட்டிருந்தாள். எல்லோரையும் போல, குஞ்சு வந்த நாளிலிருந்து தண்ணீரில் மருந்துத்தூள் கரைத்துக்கொண்டுதான் இருந்தாள். அண்ணனின் காலுக்கும் தன் கோழிக்கும் நேரான தொடர்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், வீட்டுக்கு வந்ததும் இருந்த பைக்கற்றுகள் எல்லாவற்றையும் கிடங்கு வெட்டிப் புதைத்தாள்.

பிறகு மிருக வைத்தியர் கஜந்தினியிடம் போனாள். ஓம எண்ணெய், கராம்பு எண்ணெய், கறுவா எண்ணெய் இவற்றை மிகச் சிறிய அளவில் தீனில் சேர்த்தால் குடலில் கெட்ட கிருமி பெருகுவது குறையும், தீன் நன்றாகச் செரிக்கும் என்று கஜந்தினி சொன்னாள். எப்படிக் கலப்பது என்றும் செய்து காட்டினாள். நேரே ஊற்றினால் ஒரு கோழிக்குக் கூடவும் மற்றதுக்கு இல்லாமலும் போகும். முதலில் கொஞ்சத் தவிட்டில் பிசறி, அந்தத் தவிட்டைத் தீனில் பரப்ப வேண்டும். வாசம் பறக்க முதல் கொடுத்து முடிக்க வேண்டும். அளவு கூடினால் கோழி தீனையே தொடாது. கடைசியாக ஒன்றை அழுத்திச் சொன்னாள்: இது வருத்தம் வராமல் இருக்க ஒரு சின்ன உதவி மட்டும்தான், வந்த நோயை மாற்றாது.

ஜெயனி முதல் பாதியைக் கேட்ட அளவுக்குக் கடைசி வசனத்தைக் கேட்கவில்லை.

எண்ணெய் போட்டு வளர்த்த முதல் கோழிகளே நல்ல நிறையில் வந்தன. ஒழுங்கை முகப்பில் 'மருந்து போடாத கோழி' என்று பலகை எழுதி வைத்தாள். பட்டணத்திலிருந்து ஆட்கள் காரில் வந்து வாங்கினார்கள். நெஞ்சில் பிள்ளையைச் சாத்திக்கொண்டு வந்த ஒரு இளம் தாய், உண்மையாகவே மருந்து இல்லையா என்று இரண்டு முறை கேட்டாள். ஜெயனி மாதாவின் பேரில் சத்தியம் செய்தாள். மாதர் சங்கம் அவளைச் சண்டிலிப்பாய்க்கு அழைத்துக் கதைக்கச் சொன்னது. அவள் கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தாள். றெஜி கடைசி வரிசையில் எண்ணெய்ப் போத்தல்களை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். அவள் முடித்தபோது மற்றவர்களோடு சேர்ந்து அவனும் கைதட்டினான். அன்றுதான் கோபிகா எழுந்து, தானும் செய்யப் போவதாகச் சொன்னாள். அவளுடைய கணவன் தனோஜன் நாரிப்பிடிப்பு வந்து பாரம் தூக்க முடியாமல் தோட்ட வேலையை விட்டிருந்தான். வீட்டுக்குக் கொட்டில்தான் கதி.

இப்போது அந்தக் கொட்டிலைப் பார்க்க ஜெயனி கோபிகாவின் பின்னால் ஏறிப் போனாள். மூலைகளில் இன்னும் கோழிகள் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றன. வழியிலேயே கஜந்தினிக்கும் சொல்லியிருந்தாள்.

கோழிகளுக்குக் கீழே பரப்பிய உமி ஈரமாக இருந்திருக்கும் என்றாள் ஜெயனி. தனோஜன் குனிந்து, ஒரு பிடி உமியை அள்ளி அவள் கையில் கொட்டினான். அது காய்ந்து பொலபொலவென்று இருந்தது. அப்படியென்றால் எண்ணெயை வெயிலில் வைத்திருப்பீர்கள் என்றாள். கோபிகா உள்ளே போய்ப் போத்தலை எடுத்து வந்தாள். ஈரத்துணி சுற்றி, தண்ணீர்ப் பானைக்கு அருகே நிழலில் வைத்திருந்த போத்தல். ஜெயனி அதற்கும் விடவில்லை. பிசறிய விதம் பிழைத்திருக்கும், எல்லோருடைய கைக்கும் உடனே வந்துவிடாது என்று தனோஜனுக்குக் கேட்கச் சொன்னாள். கோபிகா அவளை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கஜந்தினி வந்து செத்ததில் ஒன்றை வெட்டிப் பார்த்தாள். குடல் காற்று நிறைந்த பலூன்போல வீங்கி, உட்சுவர் உரிந்து போயிருந்தது. கிருமியால் வருகிற குடல் நோய். தப்பி நிற்கிறவற்றுக்கு இனி மருந்து கொடுத்தே ஆக வேண்டும், மருந்து உடம்பிலிருந்து போய் முடிகிற வரை ஒன்றையும் விற்கக் கூடாது என்றாள். கோபிகா பிழை எதுவும் விடவில்லை என்பதையும் தெளிவாகவே சொன்னாள். ஜெயனி அதைக் கேட்காதவள்போல உமியைக் காலால் கிளறிக்கொண்டு நின்றாள்.

றெஜி அப்போது வீட்டில் இல்லை. பேசாலையில் மச்சானுடைய படகுக்கு இயந்திரம் பூட்டிக்கொடுக்கப் போய் ஒரு கிழமைக்கு மேல் ஆகியிருந்தது. வழக்கமாகக் கொட்டிலில் தீன் ஜெயனியின் பொறுப்பு, தண்ணீர் றெஜியின் பொறுப்பு. அவன் இல்லாதபடியால் அவளே இரண்டையும் செய்துகொண்டிருந்தாள். சண்டிலிப்பாயிலிருந்து திரும்பி இரண்டு நாள் கழியவில்லை, அவளுடைய கோழிகளும் தீனை விட்டு ஒதுங்கத் தொடங்கின. மறுநாள் கழிச்சல் கண்டது. உடைகளை மாற்றிக்கொள்ளாமல் சண்டிலிப்பாய்க் கொட்டிலில் நடந்துவிட்டு வந்த தன்னோடுதான் கிருமியும் வந்திருக்கும் என்று நினைத்தாள். தட்டுகளைக் கழுவினாள். உமியை மாற்றினாள். எண்ணெயை அளவு தப்பாமல் புதிதாகப் பிசறிப் போட்டாள். அடுத்த காலையில் முதல் கோழி செத்துக் கிடந்தது.

றெஜிக்குப் போன் எடுத்தாள். எத்தனை செத்தது என்று அவன் கேட்டான். பிறகு, "நான் வாறன், நீ ஒண்டுக்கும் பயப்பிடாதை," என்றான். அன்று பின்னேரமே வந்து சேர்ந்தான். உடுப்பு மாற்றாமலே கொட்டிலுக்குள் போனான்.

இரண்டு நாளில் கோழிகள் எழும்பிவிட்டன. மூன்றாம் நாள் தீன் தட்டுகளில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. ஜெயனிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோபிகாவுக்குப் போன் எடுத்தாள். என்னுடையதுக்கும் வந்தது, எண்ணெயை விடாமல் போட்டேன், எழும்பிவிட்டது, பொறுமை வேண்டும் என்றாள். கோபிகா 'ஓம் அக்கா' என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அன்று பகல் தண்ணீர்த் தட்டுகளைக் கழுவ எடுத்தபோதுதான் ஜெயனி கண்டாள். வெள்ளைத் தட்டின் அடியில் மஞ்சள் நிறம். தட்டுகளுக்குத் தண்ணீர் விடும் பிளாஸ்ரிக் தாங்கியில் இருந்த தண்ணீரும் இலேசான மஞ்சளாக இருந்தது. கேட்டதற்கு, குடலுக்கு நல்லதென்று கொஞ்சம் மஞ்சள் தூள் போட்டேன் என்றான் றெஜி. வாளியை ஒழுங்குபடுத்துகிறவன்போல மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

தினம் மஞ்சள் போட்டுக் கறி காய்ச்சுகிறவள் ஜெயனி. மஞ்சள் தூள் தண்ணீரில் இப்படிக் கரையாது, அடியில் வண்டலாக இருக்கும். ஒரு கை அள்ளி மணந்தாள். மஞ்சளின் மணம் இல்லை. நாக்கில் வைத்தாள். கசந்தது. அந்தக் கசப்பு அவளுக்குப் புதிதல்ல. முன்பு பைக்கற்றைப் பல்லால் கிழிக்கும்போதெல்லாம் உதட்டில் பட்ட கசப்பு அது.

"எப்ப இருந்து?" என்று கேட்டாள்.

றெஜி முதலில் இந்த ஒரு முறைதான் என்றான். அவள் அசையாமல் நின்றாள். பிறகு அவன் கொட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். அவள் மருந்தை நிறுத்திய அந்த முதல் முறையே, மாரி மழைக்குள் கோழிகள் படுக்கத் தொடங்கின. அவள் அப்போது ஆஸ்பத்திரியில் பிலிப்புக்குப் பக்கத்தில் இருந்தாள். படகையும் இயந்திரத்தையும் விற்றுப் போட்ட கொட்டில். அது போனால் திரும்பக் கடலுக்குப் போகவும் வழியில்லை. பயத்தில் கடையில் தூள் வாங்கிக் கரைத்தான். கோழி எழும்பியது. அவள் வந்து பார்த்து எண்ணெயால்தான் என்று சந்தோஷப்பட்டாள். அந்த முகத்தைப் பார்த்து அவனுக்குச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த முறை சொல்லலாம் என்று இருந்தான். அதற்குள் பலகை எழுதினாள், ஆட்கள் வந்தார்கள், சங்கத்தில் கதைத்தாள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் சொல்வது இன்னும் கஷ்டமாகிப் போனது.

"விக்கிறதுக்கு முதல் நாளும் போட்டனியோ?"

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் அவனை 'நீங்கள்' என்றுதான் அழைத்தவள். அவனுக்கு அந்த 'நீ' கேட்டது. தலையைக் குனிந்துகொண்டு, "ஓம்," என்றான்.

ஜெயனி தாங்கியைக் காலால் எற்றினாள். அது உருண்டு உமி முழுவதும் தண்ணீர் பாய்ந்தது. கோழிகள் சிதறி ஓடின. நெஞ்சில் பிள்ளையோடு வந்தவளின் முகம் அவளுக்கு நினைவு வந்தது. அவளுக்குச் செய்து கொடுத்த சத்தியம் நினைவு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக அண்ணன் சாப்பிட வரும் ஞாயிற்றுக்கிழமைகள் நினைவு வந்தன.

"அண்ணைக்கும் அதைத்தான் காய்ச்சிக் குடுத்தனான்," என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. "மருந்து படாத இறைச்சி, நல்லாச் சாப்பிடு அண்ணை எண்டு என்ரை கையால போட்டுக் குடுத்தனான். நீ பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டு சாப்பிட்டனீ."

றெஜி அழுதான். அது அவளுடைய கோபத்தை இன்னும் கூட்டியது. இனிமேல் கொட்டில் வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டு, நனைந்த உமியைத் தனியாகவே அள்ளி வெளியே கொட்டத் தொடங்கினாள். அவன் மண்வெட்டியைத் தொட வந்தபோது அதை அவன் கையிலிருந்து பறித்தாள். பிறகு கஜந்தினிக்கு அறிவித்தாள். தொடங்கிய மருந்தை இனி இடையில் நிறுத்தக் கூடாது, சரியான அளவில் கொடுத்து முடித்து, நாள் கடந்த பிறகே விற்க வேண்டும் என்று கஜந்தினி சொன்னாள். தான் புதைத்த தூளைத் தானே வாங்கிவந்து கரைக்க வேண்டியிருந்தது. ஒழுங்கைக்குப் போய்ப் பலகையைப் பிடுங்கி, அடுப்புக்கு விறகாகக் கொத்தினாள்.

மறுநாள் பிலிப்பு ஓட்டோவில் வந்து இறங்கினார். றெஜி இரவே குருநகருக்குப் போய் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டியிருந்தான். ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டுக் கதிரையில் இருந்தார்.

"என்ரை காலைத் தூக்கி வைச்சுக்கொண்டு ரெண்டு பேரும் சண்டை பிடிக்கிறதை விடுங்கோ," என்றார். "அது திருக்கை குத்தின கால். உன்ரை கோழியும் குத்தேல்லை, அவன்ரை தூளும் குத்தேல்லை. அவன் பயந்துபோய்ச் செய்திட்டான். அவன் கடலிலையும் பயந்தவன்தான், எனக்குத் தெரியும்."

"பயந்ததுக்கு எனக்குக் கோபமில்லை அண்ணை," என்றாள் ஜெயனி. "நான் விசரி மாதிரிச் சபையில நிண்டு கதைக்கேக்கை, அது பொய் எண்டு தெரிஞ்சுகொண்டு இருந்து கைதட்டினவர். கோபிகா அதை நம்பித்தான் இறங்கினவள். அவளைப் போய், உனக்குக் கைப்பக்குவம் இல்லை எண்டு அவளின்ரை மனுசனுக்கு முன்னால சொல்லிப்போட்டு வந்தனான். அதுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

பிலிப்பு தேத்தண்ணி குடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவேன், மீன் காய்ச்சு என்று சொல்லிப் போனார். அவர்மேலும் அவளுக்குக் கோபம் வந்தது. வெட்டி எடுத்த காலைப் பற்றி அவர் அவ்வளவு இலேசாகப் பேசிவிட்டுப் போனதில் வந்த கோபம்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு றெஜியைக் கூட்டிக்கொண்டு போனாள். தான் சொல்லப் போவதில்லை, அவன்தான் சொல்ல வேண்டும் என்று வழியிலேயே சொல்லியிருந்தாள். அவன் எழுந்து நின்று, நிலத்தைப் பார்த்தபடி, சுற்றி வளைக்காமல் சொன்னான். அரியாலைக் கோழி நன்றாக இருந்தது எண்ணெயால் மட்டுமல்ல, மனைவிக்குத் தெரியாமல் தான் தண்ணீரில் மருந்து போட்டதாலும்தான் என்றான். எண்ணெயை மட்டும் நம்பி இறங்கியவர்களுக்கு வந்த நட்டத்துக்குத் தானே காரணம் என்றான். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஜெயனிக்கு முள்ளாகக் குத்தியது. ஜெயனி எழுந்து கோபிகாவின் பெயரைச் சொல்லி, அவளில் ஒரு பிழையும் இல்லை, அவளுடைய கொட்டில் என்னுடையதைவிடச் சுத்தம், பிழை சொன்ன வாய் என்னுடையது என்றாள்.

கோபிகா இருந்த இடத்திலிருந்தே பேசினாள்.

"உங்கடை வீட்டுச் சண்டையை நீங்கள் தீருங்கோ அக்கா. நான் உங்களிட்டைக் காசு கேக்கேல்லை, மன்னிப்பும் கேக்கேல்லை. செத்த கோழியைக் காட்டினனான். நீங்கள் பாத்தது என்ரை கையைத்தான். அதுதான் எனக்கு ஆறேல்லை."

கூட்டம் முடிய ஒருவரும் அவர்களோடு நின்று கதைக்கவில்லை. கஜந்தினி மட்டும் வந்து, இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். செய்யாமல் விடப் போவதில்லை என்றாள் ஜெயனி. கோழியைக் காத்தது மருந்தா எண்ணெயா என்று தனக்கு இன்னும் தெரியாது, இதுவரை ஒரு நாளும் தன் கொட்டிலில் அது சோதிக்கப்படவே இல்லை, இப்போதுதான் முதல் முறை பார்க்கப் போகிறேன் என்றாள். அப்படிச் சொல்லும்போதும் அவள் கோபமாகத்தான் இருந்தாள்.

இருந்த கோழிகளை, இது மருந்து கொடுத்தது என்று வாங்க வந்தவர்களிடம் சொல்லியே விற்றாள். பாதிப்பேர் திரும்பிப் போனார்கள். பிள்ளையோடு வந்தவள் கேட்டுவிட்டுக் காருக்குள் ஏறினாள். அவள் திரும்ப வரவே இல்லை. கொட்டிலைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, சில கிழமை வெறுமையாகப் போட்டாள். பிறகு நடுவில் வலை கட்டி இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் எண்ணெய் கலந்த தீன், மறுபக்கம் வெறும் தீன் என்று வைத்தாள். நோய் வராமல் மருந்து கொடுப்பது இரண்டு பக்கமும் இல்லை. கோழி நெருக்கத்தைக் குறைத்தாள். தீனும் தண்ணீரும் இரண்டும் அவள் கையால்தான். கஜந்தினி அடிக்கடி வந்து கோழிகளை நிறுத்துப் பார்த்தாள்.

பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. எண்ணெய்ப் பக்கத்துக் கோழிகளின் எச்சம் இறுக்கமாக இருந்தது, உமி ஈரப்படுவது குறைந்தது, தீனை வீணாக்காமல் கொஞ்சம் கூடுதலாக நிறை வைத்தன. அவ்வளவுதான். முன்பு தூளோடு வளர்ந்தவற்றின் நிறைக்கு அவை எட்டவில்லை. நடுவில் வெறும் தீன் பக்கத்தில் சில கோழிகள் படுத்தன. அவற்றைப் பிரித்து வைத்து, கஜந்தினி எழுதிக்கொடுத்த மருந்தை எழுதிக்கொடுத்த நாளுக்கு மட்டும் கொடுத்தாள். எண்ணெய்ப் பக்கத்திலும் இரண்டு செத்தன. பார்த்ததை அப்படியே கோபிகாவுக்குப் போனில் சொன்னாள். நல்லதையும் சொன்னாள், செத்ததையும் சொன்னாள். கோபிகா கேட்டுக்கொண்டிருந்தாள். எவ்வளவு இடைவெளி விட்டு வளர்த்தீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அடுத்த கிழமை தனோஜனை அனுப்பி அந்த வலை கட்டிய விதத்தைப் பார்த்துவரச் செய்தாள். அவள் வரவில்லை.

றெஜி பகலில் அரியாலைக் கரையில் மற்றவர்களின் இயந்திரங்களைத் திருத்தப் போனான். காலையில் தீன் மூட்டையைத் தூக்கிவந்து கொட்டில் வாசலில் வைப்பான். ஜெயனி உள்ளேயிருந்து இழுத்துக்கொள்வாள். வீட்டில் சாப்பாடு போட்டாள், தேவையானதைக் கதைத்தாள். 'நீங்கள்' திரும்பி வரவில்லை. அவனும் அதைக் கேட்கவில்லை.

மாரி தொடங்கி, கிணற்றடி வழுக்கத் தொடங்கிய ஒரு காலையில் ஜெயனி சறுக்கி விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டாள். வாளி தூக்க முடியவில்லை. றெஜி வாசற்படிக்கு வெளியே மழையில் நின்றான். கூப்பிடாமல் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. கோழிகள் வெறும் தட்டைக் கொத்திக்கொண்டிருந்தன.

"தண்ணியை அள்ளிக்கொண்டு வா," என்றாள்.

அவன் அள்ளிக்கொண்டு வந்து உள்ளே வைத்தான். தாங்கியில் ஊற்றப் போனவனைக் கையைக் காட்டி நிறுத்தினாள். வலிக்காத கையால் வாளியிலிருந்து கொஞ்சம் அள்ளி வாயில் விட்டு, நாக்கில் வைத்துப் பார்த்து விழுங்கினாள். அவன் வாளியின் பிடியை விடாமல் குனிந்தபடியே காத்துக்கொண்டு நின்றான்.

"ஊத்து," என்றாள் ஜெயனி.

அடுத்த நாளும் அவன் கொண்டுவந்தான். அடுத்த நாளும் அவள் நாக்கில் வைத்துப் பார்த்தாள்.